நாயும் இல்லை, பூனையும் இல்லை, வீட்டில் தெள்ளுப்பூச்சி மட்டும் இருக்கிறது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் பூச்சி மருந்து அடிக்கும் தொழிலில் இருக்கிறேன். கரப்பான், கரையான் என்று போன் செய்பவர்கள் எப்போது வருவீர்கள், எவ்வளவு ஆகும் என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவார்கள். தெள்ளுப்பூச்சி என்று போன் செய்பவர்கள் அப்படி இல்லை, நிறையப் பேசுவார்கள். எதுவும் வளர்க்காத வீட்டில் இது எப்படி என்ற ஆச்சரியம் ஒரு பக்கம், வெளியே தெரிந்தால் என்ன நினைப்பார்களோ என்ற கூச்சம் இன்னொரு பக்கம். அவர்கள் கேட்பதை அவர்கள் வார்த்தையிலேயே எழுதி, பதிலும் சொல்லியிருக்கிறேன். வரிசையாகப் படித்தால் நல்லது. பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை வைத்துத்தான் நிற்கின்றன.

தம்பி, வீட்ல நாய் கிடையாது, பூனை கிடையாது. அப்புறம் எப்படி தெள்ளு வரும்?

நீங்கள் வளர்க்காவிட்டாலும் உங்கள் வீட்டிலோ வீட்டை ஒட்டியோ ஏதோ ஒரு பிராணி குடியிருக்கிறது, அல்லது சமீபம் வரை குடியிருந்திருக்கிறது. பெரும்பாலும் தெருப்பூனைதான். பரணில், படிக்கட்டுக்கு அடியில், மோட்டார் ரூமில், கவர் போட்டு மாதக்கணக்கில் எடுக்காத காருக்கு அடியில் குட்டி போட்டிருக்கும். அடுத்தது எலியும் பெருச்சாளியும். கேட் பக்கத்தில் தினமும் வந்து படுக்கும் தெருநாய், பழைய ஓட்டு வீட்டுக் கூரைக்குள் புகுந்த மரநாய், முன்னால் குடியிருந்தவர்கள் வளர்த்த நாய் என்று இன்னும் பல உண்டு.

வீடுகளில் அதிகம் பார்ப்பது பூனைத் தெள்ளு என்ற வகை. பெயரில்தான் பூனை, நாய் மேலும் தாராளமாக வாழும். பெண் தெள்ளு ஒரு நாளைக்கு 20 முதல் 50 முட்டை வரை இடும். பேன் முட்டை முடியில் ஒட்டிக்கொள்ளும். இது ஒட்டாது, உதிர்ந்துவிடும். ஆகவே பூனை எங்கெல்லாம் படுக்கிறதோ அங்கெல்லாம் முட்டை. அது வீட்டுக்குள் வர வேண்டும் என்றுகூட இல்லை, வாசலில் போட்டிருக்கும் நார் மிதியடியில் தினமும் மத்தியானத் தூக்கம் போட்டாலே போதும்.

வீடு அழுக்காக இருப்பதால் வருவது இல்லை இது. இரண்டு வேளையும் பெருக்கித் துடைக்கும் வீடுகளிலும் பார்த்திருக்கிறேன். கூச்சப்பட எதுவும் இல்லை.

கடிக்கிறது தெள்ளுதான்னு எப்படிச் சொல்றீங்க? மூட்டைப்பூச்சியா இருக்கக் கூடாதா?

இருக்கலாம். அதனால்தான் போனிலேயே நான் எதையும் உறுதியாகச் சொல்வதில்லை. தெள்ளு கடித்தால் பெரும்பாலும் முழங்காலுக்குக் கீழே, கணுக்காலைச் சுற்றி இருக்கும். நடுவில் ஒரு புள்ளியோடு சின்னச் சின்ன சிவப்புத் தடிப்பு, பக்கத்தில் பக்கத்தில் இரண்டு மூன்று. பட்டப்பகலில் ஹாலில் நின்றுகொண்டிருக்கும்போதே கடிக்கும். மூட்டைப்பூச்சி தூங்கும்போது வந்து கை, கழுத்து, முதுகு என்று திறந்திருக்கும் இடத்தில் கடிக்கும். மெத்தைத் தையலிலும் கட்டில் இடுக்கிலும் கறுப்புப் புள்ளிகள் இருக்கும். ஆனால் தரையில் பாய் விரித்துப் படுப்பவர்களை தெள்ளும் எங்கே வேண்டுமானாலும் கடிக்கும். கடித்த தடத்தை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது.

பூச்சியைப் பிடியுங்கள். வெள்ளை சாக்ஸை முழங்கால் வரை இழுத்துவிட்டுக்கொண்டு, சந்தேகமான அறையில் பத்து நிமிடம் மெதுவாக நடங்கள். எள்ளைவிடச் சற்றுச் சிறியதாக, கரும்பழுப்பாக ஏதாவது ஏறியிருந்தால் விரலால் தேய்க்காதீர்கள். அதன் உடம்பு இரண்டு பக்கமும் ஒடுங்கி, வழுக்கலாக, கெட்டியாக இருக்கும். நழுவித் துள்ளிவிடும். செல்லோ டேப்பை ஒட்டி எடுங்கள். இறக்கை இல்லை, பின்னங்கால் நீளம், துள்ளுகிறது என்றால் தெள்ளு. துள்ளாமல் ஊர்ந்து, முதுகு தட்டையாக இருந்தால் மூட்டைப்பூச்சி. எட்டுக் காலோடு சுவரில் ஏறிக்கொண்டிருந்தால் அது நாய் உண்ணி. அதற்கு வைத்தியமே வேறு.

சோப்புத் தண்ணி தட்டு வெச்சா எல்லாம் வந்து விழுந்து செத்துடும்னு வீடியோல பார்த்தேன். உண்மையா?

வந்து விழும் என்பது உண்மை, எல்லாம் என்பது உண்மை இல்லை. அகலமான வெள்ளைத் தட்டில் தண்ணீர் ஊற்றி, பாத்திரம் தேய்க்கும் திரவத்தில் சில சொட்டு விட்டு, ராத்திரி மற்ற விளக்குகளை அணைத்துவிட்டுத் தட்டுக்கு மேலே ஒரு சின்ன விளக்கை மட்டும் எரிய விடுங்கள். வெளிச்சத்துக்கும் சூட்டுக்கும் தெள்ளு துள்ளி வரும். சோப்பு இல்லாவிட்டால் தண்ணீர் மேல் நின்று மறுபடி துள்ளிவிடும், சோப்பு இருந்தால் மூழ்கும்.

இதில் விழுவது வளர்ந்த தெள்ளு மட்டும்தான். முட்டையும் புழுவும், புழு தன்னைச் சுற்றிக் கட்டிக்கொள்ளும் கூடும் இருந்த இடத்திலேயே இருக்கும். ஆகவே இதைக் கொல்லும் கருவியாக நினைக்காமல் கணக்கெடுக்கும் கருவியாக வைத்துக்கொள்ளுங்கள். அறைக்கு ஒரு தட்டு வைத்துக் காலையில் எண்ணினால் எந்த அறையில் அதிகம் என்று தெரிந்துவிடும். எனக்கு இந்தத் தகவல் கிடைத்தால் பாதி வேலை மிச்சம்.

ஆறு மாசமா பூட்டிக் கிடந்த வீடு. குடி போன அன்னைக்கே காலெல்லாம் கடி. ஒரு ஆளும் இல்லாத வீட்ல எதைத் தின்னு உயிரோட இருந்துச்சு?

எதையும் தின்னவில்லை, கூட்டுக்குள் இருந்தது. தெள்ளுக்கு நாலு பருவம். முட்டை சில நாளில் பொரித்துப் புழு வரும். அது வெளிச்சத்துக்குப் பயந்து மிதியடி நாருக்குள், டைல்ஸ் இடுக்கில், கட்டிலுக்கு அடியில் இருக்கும் தூசிக்குள் இறங்கிவிடும். அங்கே அதற்குச் சாப்பாடு, வளர்ந்த தெள்ளு கழித்த காய்ந்த ரத்தம். ஒன்றிரண்டு வாரம் கழித்துப் பட்டு நூற்றுக் கூடு கட்டும். அந்தக் கூட்டின் மேல் தூசியும் மணலும் ஒட்டிக்கொள்வதால் கண்ணுக்கே தெரியாது. உள்ளே தெள்ளு முழுதாக வளர்ந்த பிறகும் உடனே வெளியே வராது, ஆள் வரும் வரை மாதக்கணக்கில் உள்ளேயே காத்திருக்க அதனால் முடியும். காலடி அதிர்வு, மேலே விழும் அழுத்தம், உடம்புச் சூடு, இவைதான் அதற்கு அறிகுறி. நீங்கள் பீரோவை இழுத்து வைத்த அதிர்வில் எல்லாம் ஒரே நாளில் வெளியே வந்திருக்கும்.

கோடை விடுமுறைக்குப் போய்விட்டு வந்தவர்கள் சொல்வதும் இதே கதைதான். "வீட்டைப் பூட்டிப் போட்டால் பட்டினியில் செத்துவிடாதா?" என்று சிலர் கேட்பார்கள். வெளியே வந்து இரை கிடைக்காத தெள்ளு ஒன்றிரண்டு வாரத்தில் செத்துவிடும். கூட்டுக்குள் இருப்பது சாகாது. இந்தக் கூட்டை மனதில் வையுங்கள், கீழே பல கேள்விகளுக்கு இதுதான் பதில்.

எங்க இருந்து வருதுன்னு கண்டுபிடிக்கவே முடியல. எங்க தேடறது?

நம்மைக் கடிக்கும் பூனைத் தெள்ளு பெரும்பாலும் அப்போதுதான் கூட்டைவிட்டு வந்தது. ஒருமுறை பூனை மேல் ஏறிவிட்டால் சாகும் வரை அங்கேயே இருக்கும், விருந்தாளி போல ஆள் மாற்றி ஆள் தாவாது. அதனால் கடிக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே புழு வளர்ந்த இடமும் இருக்கும். தட்டில் அதிகம் விழுந்த அறையிலிருந்து தொடங்குங்கள். கட்டிலுக்கு அடி, சோபா மெத்தைக்குக் கீழே, ஷூ ரேக், பழைய பேப்பர் கட்டு, சாக்குப் பை, பரண், ஃபால்ஸ் சீலிங். பிறகு வெளியே வாருங்கள். ஏசி அவுட்டோர் யூனிட்டுக்குப் பின்னால், ஸ்கூட்டர் நிறுத்தும் இடம், மோட்டார் ரூம், சன்ஷேட். வெயில் நேராக விழும் வெறும் சிமென்ட் தரையைத் தேட வேண்டாம். சூடும் வறட்சியும் புழுவைக் கொன்றுவிடும். நிழலும் ஈரப்பதமும் தூசியும் சேர்ந்திருக்கும் இடம்தான் குறி.

பிராணி படுத்த இடத்தில் முடி ஒட்டியிருக்கும். கூடவே மிளகுத்தூள் போலக் கறுப்புத் துகள் கிடந்தால், ஈரமாக்கிய வெள்ளைத் துணியிலோ டிஷ்யூவிலோ அதைத் தொட்டு எடுங்கள். ஒரு நிமிடத்தில் துகளைச் சுற்றிச் செம்பழுப்பாகச் சாயம் இறங்கினால் அது தெள்ளு கழித்த ரத்தம், சந்தேகமே வேண்டாம். சாயம் இறங்காவிட்டால் வெறும் மண்.

ஒரு அனுபவ விஷயம்: பரண். "அங்கே போக வழியே இல்லை சார்" என்பார்கள். ஏணி போட்டு ஏறினால், ஜன்னல் கம்பி வழியாகப் பூனை வந்துபோன தடமும், கொலு பொம்மைப் பெட்டிக்குப் பின்னால் பழைய சேலையில் குட்டி போட்ட பள்ளமும் இருக்கும். தாய் குட்டிகளைத் தூக்கிக்கொண்டு போய்ப் பல நாள் ஆகியிருக்கும். குட்டிகள் போனதும்தான் கீழே ஆட்களுக்குக் கடி ஆரம்பித்திருக்கும்.

சரி, முதல் வேலையா என்ன செய்யணும்?

பிராணி வரும் வழியை அடைப்பது, அது படுத்த இடத்தைச் சுத்தம் செய்வது. மருந்து அதற்குப் பிறகுதான். இந்த வரிசையை மாற்றினால் பணம்தான் விரயம். அடைப்பதற்கு முன்னால் உள்ளே குட்டிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் தாய் அவற்றை வெளியே கொண்டுபோகும் வரை பொறுக்க வேண்டும். உள்ளே வைத்து அடைப்பது பாவம், செத்தால் நாற்றமும் உங்களுக்குத்தான்.

அது படுத்த பழந்துணி, சாக்கு, அட்டைப்பெட்டியை உதறாமல் அப்படியே பிளாஸ்டிக் பைக்குள் போட்டு வாயைக் கட்டி வெளியேற்றுங்கள். உதறினால் முட்டையெல்லாம் வீடு முழுக்க. படுக்கை விரிப்பு, தலையணை உறை, கால் மிதியடி எல்லாவற்றையும் 60 டிகிரி அளவுக்குச் சூடான தண்ணீரில் துவையுங்கள். துவைக்க முடியாத மெத்தையையும் நார் மிதியடியையும் மொட்டை மாடி உச்சி வெயிலில் பிரித்துப் போட்டு, இரண்டு பக்கமும் திருப்பிக் காய வையுங்கள். சித்திரை, வைகாசி வெயில் இதற்கு அருமையான மருந்து. ஐப்பசி மழையில் இது நடக்காது, அப்போது பழைய மிதியடியைத் தூக்கிப்போடுவதே மேல்.

வேக்குவம் கிளீனர் எல்லாம் எங்ககிட்ட இல்ல. துடைப்பம் போதாதா?

வழவழப்பான டைல்ஸ் தரைக்குப் போதும். மூலை, இடுக்கு, கட்டிலுக்கு அடி என்று தினமும் பெருக்கி, குப்பையை முறத்தில் வைத்துக்கொண்டு நிற்காமல் உடனே சோப்புத் தண்ணீரில் கொட்டிவிடுங்கள். பழைய சிமென்ட் தரை விரிசல், மரச்சாமான் இடுக்கு, சோபா, கார்ப்பெட், கார் சீட் இவற்றுக்குத் துடைப்பம் உதவாது. புழு நாருக்குள் சுற்றிக்கொண்டு இருக்கும். இரண்டு வாரத்துக்கு யாரிடமாவது இரவல் வாங்கியாவது வேக்குவம் பிடியுங்கள்.

வேக்குவத்துக்கு இன்னொரு வேலையும் உண்டு. அதன் அதிர்வில் கூட்டுக்குள் இருப்பவை ஆள் வந்துவிட்டதாக நினைத்து வெளியே வரும். வெளியே வந்தால்தான் மருந்து படும். முடித்ததும் பையை எடுத்துக் கட்டி வெளியே போடுங்கள், மெஷினுக்குள்ளேயே விடாதீர்கள்.

வேப்பிலைப் புகை, சாம்பிராணி, கல் உப்பு, கற்பூரம்... இதுல எது கேட்கும்?

எதையும் நம்பி உட்கார வேண்டாம் என்பதுதான் என் கருத்து. புகை போட்டால் வளர்ந்த தெள்ளு கொஞ்ச நேரம் ஒதுங்கலாம், தூசிக்கு அடியில் இருக்கும் புழுவையும் கூட்டையும் அது தொடாது. உப்பு நம்ம ஊர்க் காற்றில் மறுநாளே கசிந்து தரையைப் பிசுபிசுப்பாக்கும். ஈரம் அதிகமானால் புழுவுக்குத்தான் கொண்டாட்டம். அந்துருண்டையும் கற்பூரமும் குழந்தைகள் இருக்கும் வீட்டில் தரையில் கிடக்கவே கூடாது. கற்பூரத்தை விழுங்கிய குழந்தைக்கு வலிப்பு வரலாம், ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள குழந்தைக்கு அந்துருண்டையால் ரத்த அணுக்கள் சிதையும். மண்ணெண்ணெய் தெளிப்பது தீ விபத்துக்கு வழி. பிளக்கில் மாட்டும் அல்ட்ராசவுண்ட் கருவி தெள்ளை ஒன்றும் செய்யாது. வாசலில் தூவும் பிளீச்சிங் பவுடரும் அப்படித்தான், அது கிருமிக்கானது.

எங்க அப்பா காலத்துல கமாக்சின் தூவுவாங்க, ஒரே நாள்ல போயிடும். இப்ப ஏன் அது கிடைக்கிறதில்ல?

கிடைக்கக் கூடாது என்பதால்தான். பி.எச்.சி. எனப்படும் அந்த மருந்து மண்ணிலும் தண்ணீரிலும் உடம்புக் கொழுப்பிலும் ஆண்டுக்கணக்கில் தங்கும். இந்தியாவில் 1997-லேயே தடை செய்துவிட்டார்கள். பழைய டப்பா எங்காவது பரணில் இருந்தால் திறக்காதீர்கள்.

இதோடு சேர்த்து ஒன்று: உரக்கடையில் விற்கும் பயிர் மருந்தை வாங்கி வீட்டுக்குள் அடிக்காதீர்கள். டப்பாவில் இருக்கும் முக்கோணத்தின் நிறத்தைப் பாருங்கள். சிவப்பு மிகக் கடுமையான விஷம், அடுத்து மஞ்சள், பிறகு நீலம், பச்சை குறைந்தது. சிவப்பும் மஞ்சளும் வீட்டு வாசலைத் தாண்டக் கூடாது. நான் பச்சையா நீலமா என்று பார்ப்பதோடு, வீட்டு உபயோகத்துக்கு என்று லேபிளில் அச்சடித்திருக்கிறதா என்றும் பார்ப்பேன்.

பெஸ்ட் கன்ட்ரோல்காரங்க வந்து அடிச்சாங்க. பத்து நாள்ல திரும்ப வந்துடுச்சு. போலி மருந்தா?

மருந்து போலியாக இருக்க வேண்டும் என்று இல்லை. பூட்டிக் கிடந்த வீட்டைப் பற்றிச் சொன்ன பதிலைப் பாருங்கள். கூட்டுக்குள் எந்த மருந்தும் இறங்காது. அடித்த அன்று வெளியே இருந்தவை செத்தன, கூட்டுக்குள் இருந்தவை பிறகு ஒவ்வொன்றாக வருகின்றன. மருந்து அடித்து இரண்டு மூன்று வாரம் வரை அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கடி இருக்கத்தான் செய்யும். இதை அடிக்கும்போதே சொல்லிவிட வேண்டும். எங்கள் தொழிலில் பலர் சொல்வதில்லை, அது அவர்கள் பிழை.

இன்னொரு காரணம் வீட்டுக்காரர்களிடம் இருக்கிறது. மருந்து வாடை பிடிக்காமல் மறுநாளே ஃபினாயில் ஊற்றி வீடு முழுக்கத் துடைத்துவிடுவார்கள். மருந்து காய்ந்து தரையில் படிந்திருந்தால்தானே புதிதாக வரும் தெள்ளு அதன் மேல் நடந்து சாகும்? சுவர் ஓரம், கட்டிலுக்கு அடி, பீரோவுக்கு அடி இவற்றை இரண்டு வாரத்துக்கு ஈரத்துணியால் துடைக்காதீர்கள். நடமாடும் இடத்தை மட்டும் துடைத்துக்கொள்ளுங்கள். பெருக்குவதும் வேக்குவம் பிடிப்பதும் நிற்கக் கூடாது.

இரண்டும் சரியாக இருந்து, ஒரு மாதத்துக்குப் பிறகும் தட்டில் அதே எண்ணிக்கை என்றால் பிராணி இன்னும் வந்துபோகிறது. மருந்தை மாற்றாதீர்கள், பரணில் ஏறிப் பாருங்கள்.

ஆளை வரச் சொல்லும்போது என்ன கேட்டு வாங்கணும்?

லைசென்ஸ் இருக்கிறதா என்று கேளுங்கள். எந்த மருந்து என்று கேட்டு, பெயரை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வளர்ந்த தெள்ளைக் கொல்ல டெல்டாமெத்ரின், சைபர்மெத்ரின் போன்ற மருந்துகள் போதும். கூடவே பைரிப்ராக்சிஃபென் அல்லது மெத்தோப்ரீன் போன்ற வளர்ச்சித் தடுப்பு மருந்து சேர்க்க முடியுமா என்று கேளுங்கள். அது புழு அடுத்த பருவத்துக்குப் போகாமல் தடுக்கும். இரண்டும் சேர்ந்தால்தான் பலன் நீடிக்கும். இரண்டு மூன்று வாரம் கழித்து இரண்டாவது முறை அடிப்பதும் அதே கட்டணத்தில் சேர்ந்ததா என்று முன்னாலேயே பேசிவிடுங்கள்.

அடிக்கும்போது குழந்தைகள், கர்ப்பிணிகள், ஆஸ்துமா இருப்பவர்கள் வீட்டில் இருக்க வேண்டாம். மீன் தொட்டி இருந்தால் வெளியே எடுத்துவிடுங்கள், இந்த மருந்துகள் மீனுக்கு ஆகாது. நன்றாகக் காய்ந்து, ஜன்னலைத் திறந்து காற்று ஓடிய பிறகு உள்ளே வரலாம்.

பாப்பா தலைமுடிக்குள்ள போயிருக்குமா? மொட்டை அடிச்சிடலாமா?

வேண்டாம். தெள்ளு நம் தலையில் குடியிருக்காது. கடித்துவிட்டு இறங்கிவிடும். தலையில் நிரந்தரமாக ஊர்வது பேன், அது வேறு. பூனைத் தெள்ளு மனித ரத்தத்தை மட்டும் வைத்துத் தலைமுறையாகப் பெருகுவதும் நடக்காத விஷயம். பிராணியின் வரத்து நின்றுவிட்டால் வீட்டில் இருப்பவை கொஞ்சம் கொஞ்சமாகத் தீர்ந்துவிடும் என்று நம்பிக்கையாகச் சொல்வது இதனால்தான்.

ஒரே வீட்ல என்னை மட்டும் கடிக்குது. அவருக்கு ஒண்ணுமே இல்ல. ஏன்?

அவரையும் கடித்துக்கொண்டுதான் இருக்கும். தடிப்பது தெள்ளின் எச்சிலுக்கு உடம்பு காட்டும் ஒவ்வாமை. சிலருக்கு அது பெரிதாக வரும், சிலருக்குத் தெரியவே தெரியாது. "உனக்கு மட்டும்தான் கடிக்குதா, எல்லாம் மனப்பிரமை" என்று வீட்டில் சொல்பவர்கள் வெள்ளை சாக்ஸ் போட்டு ஒரு நடை நடந்து பார்க்கட்டும்.

கடிச்ச இடத்துல என்ன போடறது? டாக்டர்கிட்ட போகணுமா?

சோப்புப் போட்டுக் கழுவுங்கள், ஐஸ் ஒத்தடம் கொடுங்கள், காலமைன் தடவுங்கள். குழந்தைகளின் நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள். சொறிந்து புண்ணாகிச் சீழ் பிடிப்பதுதான் பொதுவாக வரும் தொல்லை. அரிப்பு தூக்கத்தைக் கெடுத்தால், சீழ் பிடித்தால், மூச்சு வாங்கினால், முகம் வீங்கினால், கடித்த இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால் டாக்டரைப் பாருங்கள். மூச்சுத் திணறலும் முக வீக்கமும் இருந்தால் காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரி.

பிளேக் வந்துடும்னு பக்கத்து வீட்டு அம்மா பயமுறுத்தறாங்க. நிஜமாவே வருமா?

பிளேக்கைப் பரப்புவது தெள்ளு என்பது உண்மைதான். 1898-ல் கராச்சியில் பால் லூயி சிமோன் என்ற பிரெஞ்சு மருத்துவர் எலித் தெள்ளு மூலம் அது பரவுவதைக் காட்டினார், முதலில் யாரும் நம்பவில்லை. ஆனால் எலிக் கூட்டத்தில் அந்தக் கிருமி இருந்தால்தான் தெள்ளு அதைக் கொண்டுவர முடியும். பரணில் பூனை குட்டி போட்டதற்காகப் பிளேக்கை நினைத்துத் தூக்கம் கெட வேண்டாம். விஷம் எதுவும் வைக்காமலே எலிகள் கூட்டமாகச் செத்து விழுந்தால் மட்டும் தொடாமல் மாநகராட்சி சுகாதாரப் பிரிவுக்குச் சொல்லுங்கள்.

நான் கவனிக்கச் சொல்வது வேறு இரண்டை. ஒன்று, எலித் தெள்ளு பரப்பும் ஒரு வகை டைஃபஸ் காய்ச்சல். தெள்ளின் கழிவு, சொறிந்த புண்ணில் தேய்ந்து உள்ளே போகும். காய்ச்சல், கடும் தலைவலி, சில நேரம் உடம்பில் தடிப்பு. "வீட்டில் எலியும் தெள்ளும் இருக்கிறது" என்று டாக்டரிடம் நீங்களாகவே சொல்லுங்கள். அவர் கேட்காமல் போகலாம், தெரிந்தால் டாக்ஸிசைக்ளின் போன்ற மருந்தில் குணமாகிவிடும். நம் பக்கம் அதிகம் பேசப்படும் ஸ்க்ரப் டைஃபஸ் தெள்ளால் வருவது இல்லை, அது புதரில் இருக்கும் சிற்றுண்ணி என்ற மிகச் சிறிய பூச்சியின் குஞ்சு கடித்து வருவது. இரண்டாவது, தரையில் விளையாடும் குழந்தை தெள்ளை விழுங்கிவிட்டால் வரும் ஒரு வகை நாடாப்புழு. மலத்தில் அரிசி போலத் துண்டுகள் தெரியும். பார்க்கப் பயமாக இருக்கும், மருந்தில் எளிதாகப் போய்விடும்.

எலிக்கு விஷம் வெச்சோம், எலியும் செத்துச்சு. அதுக்கப்புறம்தான் கடி ஜாஸ்தியாச்சே?

ஆமாம், அப்படித்தான் ஆகும். எலி செத்து உடம்பு குளிர்ந்ததும் தெள்ளு அதை விட்டு இறங்கிப் பக்கத்தில் சூடாக எது இருக்கிறதோ அதைத் தேடும். ஃபால்ஸ் சீலிங்கில் எலி செத்திருந்தால், பக்கத்தில் சூடாக இருப்பது கீழே படுத்திருக்கும் நீங்கள்தான். எலித் தெள்ளு பூனைத் தெள்ளைப் போல ஒரே உடம்பில் ஒட்டிக்கிடப்பதும் இல்லை, வளையிலும் கூட்டிலும் நிறைய இருக்கும்.

அதனால் எலி விஷயத்தில் மட்டும் முன்னால் சொன்ன வரிசை மாறும். தெள்ளு இருக்கும் வீட்டில் முதலில் எலி நடமாடும் பாதையிலும் வளை வாயிலும் தெள்ளுக்கு மருந்து, பிறகுதான் எலிக்கு வேலை. எலிக்கும் விஷத்தைவிடப் பொறி நல்லது, செத்த இடம் தெரியும். செத்த எலியைக் கையுறை போட்டு, இரட்டைப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். பிறகு ஓட்டையை அடைக்க வேண்டும். வெறும் சிமென்டைப் பெருச்சாளி தோண்டிவிடும், உடைந்த கண்ணாடியோ கம்பி வலையோ சேர்த்துப் பூசச் சொல்லுங்கள்.

கீழ் வீட்டு அக்கா தெருப்பூனைக்குச் சோறு வைக்கிறாங்க. சொன்னா சண்டை வருது. பூனை மேலயே மருந்து அடிச்சிடலாமா?

கூடவே கூடாது. நாய்க்கு விற்கும் பெர்மெத்ரின் மருந்து பூனைக்கு விஷம், நடுங்கி வலிப்பு வந்து செத்துப்போகும். பிராணியைக் கொடுமை செய்வது 1960-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றமும்கூட. பூனையைத் துரத்துவதும் பயன் தராது. அந்த இடத்துக்கு இன்னொரு பூனை வரும்.

அக்காவிடம் "சோறு வைக்காதீங்க" என்று தொடங்கினால் சண்டைதான். "கருத்தடைக்குக் கூட்டிட்டுப் போக உதவி பண்றேன், கால்நடை டாக்டர்கிட்ட தெள்ளு மருந்தும் கேட்போம்" என்று தொடங்கிப் பாருங்கள். பூனைக்கென்றே கழுத்தில் சொட்டாக விடும் மருந்து உண்டு, டாக்டர் எடை பார்த்துச் சொல்வார். சோறு வைக்கும் இடத்தைப் படிக்கட்டிலிருந்து வெயில் படும் திறந்தவெளிக்கு மாற்றச் சொல்லுங்கள். நான் பார்த்த அடுக்குமாடிகளில் தீர்வு வந்தது பூனைக்குச் சோறு வைப்பவரும் சேர்ந்துகொண்ட பிறகுதான். ஒரு வீட்டுக்குள் மட்டும் மருந்து அடித்து அதைச் சாதிக்க முடியாது. மருந்தையும் பொதுப் படிக்கட்டு, பார்க்கிங், மோட்டார் ரூம் எல்லாம் சேர்த்து அசோசியேஷன் செலவில் அடிக்கச் சொல்லுங்கள்.

நாலாவது மாடி. தட்டுல ஒண்ணுகூட விழல, சாக்ஸ்லயும் ஒண்ணும் ஏறல. ஆனா உடம்பெல்லாம் ஊர்ற மாதிரி இருக்கு. மருந்து அடிச்சிடலாமா?

எதுவும் பிடிபடாத வீட்டில் நான் மருந்து அடிப்பதில்லை. முதலில் பால்கனியிலும் ஏசி ஸ்லாப்பிலும் புறாக் கூடு இருக்கிறதா என்று பாருங்கள். குஞ்சுகள் பறந்துபோன கூட்டிலிருந்து பறவைச் சிற்றுண்ணிகள் ஜன்னல் வழியாக வந்து கடிக்கும். கண்ணுக்குத் தெரிவதே கஷ்டம், நகரும் புள்ளி போல இருக்கும், துள்ளாது. முட்டையோ குஞ்சோ இல்லாத கூடு என்றால் முகக்கவசம் போட்டு, தண்ணீர் தெளித்து நனைத்து அகற்றிவிட்டு வலை அடியுங்கள்.

புறாவும் இல்லையென்றால் அது பூச்சியாகவே இல்லாமல் இருக்கலாம். வறண்ட தோல், சிரங்கு, புது சோப்பு, சாப்பிடும் ஏதாவது மாத்திரை என்று அரிப்புக்குக் காரணம் ஏராளம். தோல் டாக்டரைப் பாருங்கள். திரும்பத் திரும்ப மருந்து அடித்துக்கொண்டே இருந்தால் அந்த மருந்தே அரிப்பைக் கொடுக்கும்.

முழுசா போயிடுச்சுன்னு எப்ப நிம்மதியா இருக்கலாம்?

கடி நின்றதை வைத்துச் சொல்லாதீர்கள், தட்டை வைத்துச் சொல்லுங்கள். பிராணி வரும் வழியை அடைத்து, மருந்தும் சுத்தமும் முடிந்த பிறகு, தொடர்ந்து நாலு வாரம் தட்டில் ஒன்றும் விழாவிட்டால் நான் வேலை முடிந்ததாக எடுத்துக்கொள்வேன். அதற்குப் பிறகும் யாரும் போகாத அறையில் ஒன்றிரண்டு கூடு மிச்சம் இருக்கலாம். அதனால் பூஜை சாமான் அறை, விருந்தாளி அறை என்று பூட்டியே வைத்திருக்கும் அறைகளை வாரம் ஒருமுறை திறந்து, நடந்து, பெருக்குங்கள். நீண்ட நாள் வெளியூர் போய்விட்டுத் திரும்பினால் பெட்டியை இறக்கும் முன் வெள்ளை சாக்ஸோடு ஒரு சுற்று வந்துவிடுங்கள். ஒன்றிரண்டு ஏறினால் பதற வேண்டாம், பெருக்கிவிட்டு அன்று ராத்திரி தட்டை வையுங்கள். நாலைந்துக்கு மேல் விழுந்தால் பரணைப் பார்த்துவிட்டு எங்களைக் கூப்பிடுங்கள்.